ஆறு எம்.எம். ஓட்டை

எனக்கு அரபி படிக்கத் தெரியாது. இங்கிலீஷ் பெரிய எழுத்தாக இருந்தால் கூட்டிப் படிப்பேன். அப்படிப்பட்ட என் கையில்தான் சவூதியில் ஒரு வேட்டைப் பண்ணையின் சட்டம் நாலு வருஷம் இருந்தது.

பண்ணை ஜுபைலிலிருந்து நாலு மணி நேர ஓட்டம். சுற்றிலும் கம்பி வேலி. உள்ளே மான், முயல். எல்லாம் என் கஃபீல், அதாவது விசா கொடுத்த முதலாளி, வாங்கி வந்து விட்டு வளர்த்தவை. வாரக் கடைசியில் அவருடைய சொந்தக்காரர்கள் வருவார்கள், சுடுவார்கள், சமைத்துச் சாப்பிட்டுப் போவார்கள். தண்ணீர்த் தொட்டி, தீவனம், கேட் மூன்றும் என் டூட்டி. சமையலுக்குக் கீழக்கரைப் பக்கத்து பாய் ஒருவர் இருந்தார். அங்கே தமிழ் பேச நாங்கள் இரண்டு பேர்தான்.

மானைச் சுட ஆறு எம்.எம்.முக்குக் குறைந்த தோட்டா கூடாது. பண்ணையின் அனுமதித் தாளில் அப்படி ஒரு வரி இருப்பதாகக் கஃபீல் சொன்னார். வேலிக்கு வெளியே என்ன சட்டமோ, எனக்குத் தெரியாது. தோட்டாவில் எழுதியிருப்பதை என்னால் படிக்க முடியாது என்பது அவருக்கும் தெரியும். எப்படிப் பார்ப்பாய் என்று கேட்டார். நான் ஜுபைலில் ஃபிட்டருக்கு ஹெல்பராக இருந்தவன். இரும்புத் தட்டு ஒன்றில் ஆறு எம்.எம். பிட் போட்டு ஓட்டை அடித்தேன். தோட்டாவின் ஈயமுனை முழுதும் ஓட்டைக்குள் இறங்கினால் மாஃபி, மானுக்கு ஆகாது. பாதியில் மாட்டிக்கொண்டால் போகலாம். கஃபீலுக்குப் பிடித்துவிட்டது. வருகிறவர்களிடம் எல்லாம் தட்டைக் காட்டிச் சிரிப்பார்.

சட்டம் நியாயமா என்று என்னைக் கேட்டால் பாதி நியாயம் என்பேன். ஒரு தடவை ஒருவர் மெல்லிசான, நீளமான தோட்டா கொண்டுவந்தார். ஈயம் முழுதும் தட்டுக்குள் இறங்கியது. மாஃபி என்றேன். கஃபீல் பரவாயில்லை என்று விட்டார். ஒரே வெடி. மான் நின்ற இடத்திலேயே விழுந்தது, கால் உதறவில்லை. இன்னொருவர் பழைய துப்பாக்கியில் கட்டைவிரல் மாதிரி தோட்டா போட்டார். தட்டு அதைப் போகவிட்டது. அந்த மான் தாடை தொங்க இரண்டு நாள் அலைந்தது. தட்டு பருமனைத்தான் பார்க்கும். பின்னால் எவ்வளவு வெடிமருந்து என்று பார்க்காது. சுடுகிறவன் கையையும் பார்க்காது.

இதை பாயிடம் சொன்னேன்.

"அப்ப அந்தத் தட்ட எனக்குக் குடுத்துரு மாப்ளே. தோசக்கல்லு தேஞ்சு போச்சு."

"நடுவுல ஓட்ட இருக்கு பாய்."

"அப்ப வட சுடுறேன்."

ஆனாலும் தட்டைத் தூக்கிப் போடவில்லை. முயலுக்கான பொடித் தோட்டாக்கள் உண்டு. மருந்தும் கொஞ்சம், ஈயமும் கொஞ்சம். அது மானின் மேல் பட்டால் மான் சாகாது, பிழைக்கவும் பிழைக்காது. அதைத் தட்டு தவறாமல் பிடித்துவிடும். அந்த ஒன்றுக்கு அது போதும் என்று வைத்திருந்தேன். வேறு யாரும் பார்ப்பதில்லை. எப்போதாவது சோதனைக்கு வருகிறவர்களும் காவா குடித்துக்கொண்டே தாளைப் பார்ப்பார்கள். செத்த மானின் ஓட்டையைக் குனிந்து பார்த்தவர் ஒருவரும் இல்லை.

போன குளிர்காலத்தில் என் மனைவிக்குக் கர்ப்பப்பையில் கட்டி என்றார்கள். எடுத்தாக வேண்டும் என்று டாக்டர் சொன்னார். அவள் இரண்டு தடவை தள்ளிப்போட்டாள்.

"நீங்க வந்தாத்தான் நான் மேசையில படுப்பேன்."

அவளைக் குறை சொல்ல முடியாது. முதல் பிரசவத்தில் நான் ஜுபைல் கேம்பில் இருந்தேன். பிள்ளை தங்கவில்லை. அன்றைக்கு அவள் பக்கத்தில் ஒரு ஆள் இல்லை. மூன்றாவதாக ஒரு தேதி குறித்தாயிற்று. இதைத் தள்ளினால் கட்டி பொறுக்காது என்று டாக்டர் என்னிடமே போனில் சொன்னார். நான் ஊர் போய் மூன்று வருஷம் ஆகியிருந்தது. கஃபீலிடம் கேட்டேன். வெள்ளிக்கிழமை பண்ணைக்கு வரும்போது லீவுத் தாளில் கையெழுத்துப் போடுகிறேன் என்றார். அடுத்த வியாழன் ஆபரேஷன்.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வண்டி வந்தது. ஓட்டியது கஃபீலின் மைத்துனர். பக்கத்தில் கஃபீல். அவர் சட்டைப் பையில் மடித்த தாள் ஒன்றின் நுனி தெரிந்தது. என் தாள்.

மைத்துனர் தோட்டா ஒன்றை ஜன்னல் வழியாக நீட்டினார். தட்டில் வைத்தேன். மாட்டவே இல்லை. பின்விளிம்பில் வந்து தொங்கியது. முயல் தோட்டா.

"மானுக்கு மாஃபி" என்றேன்.

"முயலுக்குத்தான்" என்றார் அவர்.

"முயலுக்குத்தான். திற, யல்லா" என்றார் கஃபீல்.

அந்த மாதிரித் துப்பாக்கி உள்ளே போனால் நானும் வண்டியில் ஏறிப் போக வேண்டும். முயல் இருக்கும் வடக்குப் பக்கம் மட்டும் காட்ட வேண்டும். அதுதான் வழக்கம். நான் ஏறவில்லை. ஏறினால் கஃபீலின் முகம் சுருங்கும் என்று நினைத்தேன். கஃபீல் கண்ணைப் பார்க்கவில்லை, பையைத்தான் பார்த்தேன். கேட்டைத் திறந்துவிட்டேன்.

அரை மணி நேரத்தில் தெற்கே சத்தம் கேட்டது. கொட்டாங்கச்சி உடைகிற மாதிரி. நாலு, ஐந்து. தெற்கே முயல் கிடையாது. பிறகு கஃபீலிடமிருந்து போன் வந்தது.

"மான் ஓடிவிட்டது. தேடு. உயிரோடு வேண்டும், அறுக்க வேண்டும்."

அவர்கள் சாப்பிடப் போய்விட்டார்கள்.

இரத்தம் இருந்தால் தேடுவது லேசு. பொடித் தோட்டாவில் இரத்தம் வராது. பின்னங்கால் ஒன்று மணலில் கோடு இழுத்த தடம்தான் இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் நடந்தேன். முள்மரத்தடியில் படுத்துக் கிடந்தது. பெட்டை மான். வயிற்றில் இரண்டு ஓட்டை, இடுப்பில் ஒன்று. உளுந்து அளவு. வயிறு உப்பியிருந்தது. என்னைப் பார்த்து எழ முயன்றது, முடியவில்லை. கத்தவில்லை. வாயை மட்டும் திறந்து மூடியது.

பாய்க்குப் போன் போட்டேன்.

"பாய், உடனே வாங்க. வந்து அறுத்து விடுங்க. ரொம்பத் துடிக்குது."

"எப்பிடி வர்றது? வண்டிச் சாவி அவங்ககிட்ட. அவங்க சாப்புட்டுக்கிட்டு இருக்காங்க."

"சொல்லுங்க பாய்."

"சொன்னேன். தேயிலை குடிச்சிட்டு வாரோங்கிறாங்க."

"எங்கிட்ட கத்தி இருக்கு."

"தொடாதே." பாயின் குரல் மாறிவிட்டது. "பிஸ்மி சொல்லி எங்காளு அறுக்கணும். நீ அறுத்தா அது ஹராம் மாப்ளே. கறி வாயில வைக்க மாட்டாங்க. இன்னைக்கி ராத்திரி பத்துப் பேர் விருந்து, அந்த மானுதான். தாளு இன்னும் பையிலதான் இருக்கு. கையெழுத்து விழல. வெளங்குதா?"

விளங்கியது. தண்ணீர் பாட்டிலைத் திறந்து அதன் வாயில் விட்டேன். விழுங்கவில்லை. துண்டை நனைத்துத் தலையில் போட்டேன். எழுந்து ஓடினால் வயிறு கிழியும் என்று கழுத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். கையின் கீழே நெஞ்சு அடிப்பது தெரிந்தது. நல்ல தோட்டாவாக இருந்தால் இந்நேரம் எல்லாம் முடிந்திருக்கும். நான் ஒரு வார்த்தை அழுத்திச் சொல்லியிருந்தால் இந்தத் தோட்டாவே உள்ளே வந்திருக்காது.

அரை மணி நேரம் ஆனது. மறுபடி போன் போட்டேன்.

"கெளம்பிட்டாங்களா பாய்?"

"போட்டோ காட்டிக்கிட்டு இருக்காங்க. கொஞ்சம் பொறுத்துக்க."

"நான் பொறுத்துக்குவேன். இது பொறுக்காது."

"நீங்க அறுத்ததா சொல்லிருங்க பாய், நான் அறுத்துடுறேன்" என்றும் கேட்டுப் பார்த்தேன்.

"ஒனக்காக எந்தப் பொய்யும் சொல்லுவேன். இத மட்டும் கேக்காத. தின்னுறது அவங்க வாயி, அல்லாட்ட பதில் சொல்லுறது நான்."

அவர் சொன்னது சரி. போனை வைத்தேன். மான் தலையைத் திருப்பித் தன் வயிற்றையே கடிக்கப் போனது. கடிக்கவும் செய்தது. இரண்டு தடவை பார்த்தேன். மூன்றாவது தடவை பார்க்க என்னால் ஆகவில்லை. தீவன மூட்டை அறுக்கும் கத்தி இடுப்பில் இருந்தது. எனக்கு ஒரு வார்த்தையும் சொல்லத் தெரியவில்லை. சும்மா அறுத்தேன். சீக்கிரம் முடிந்தது.

பத்து நிமிஷத்தில் வண்டி வந்தது. முதலில் பாய்தான் குதித்தார். என் கையைப் பார்த்தார்.

"பத்து நிமிஷம் மாப்ளே" என்றார்.

கஃபீல் மானைப் பார்த்தார், கத்தியைப் பார்த்தார். பாயிடம் ஏதோ கேட்டார். பாய் தலையைக் குனிந்துகொண்டார். மைத்துனர் காலால் மண்ணைத் தள்ளி மானின் மேல் போட்டார். கஃபீல் கத்தவில்லை. மைத்துனர் முன்னால் அவருக்கு முகம் சிவந்திருந்தது, அவ்வளவுதான். என்னைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"இந்தச் சின்னத் தோட்டாவைக் கேட்டில் விட்டது யார்?"

மைத்துனர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

"நான்தான்" என்றேன். உண்மைதானே.

"அது உன் டூட்டி இல்லையா?"

"என் டூட்டிதான்."

"கலாஸ். லீவு பெருநாளுக்கு அப்புறம்."

அந்தப் பண்ணையில் அந்தச் சட்டம் அமலானது எனக்குத் தெரிந்து அந்த ஒரு தடவைதான். என் மேல் அமலானது. பெருநாளுக்கு இன்னும் இரண்டரை மாதம் இருந்தது. மறுநாளும் அதற்கு மறுநாளும் போனில் கெஞ்சிப் பார்த்தேன். பாஸ்போர்ட் அவர் வீட்டுப் பெட்டியில். நான் பாலைவனத்தில். கெஞ்சுவதைத் தவிர வேறு வழி இல்லை. மூன்றாவது நாள் அவர் போனை எடுக்கவில்லை.

வீட்டில் சொன்னேன், லீவு கிடைக்கவில்லை என்று மட்டும். அவள் சரி என்றாள். வியாழக்கிழமை சாயங்காலம் மச்சினன் கூப்பிட்டான்.

"ஆபரேசன் முடிஞ்சிருச்சு மாமா. நாந்தான் கையெழுத்துப் போட்டேன். அக்கா தானாத்தான் நடந்து உள்ள போச்சு. யாரும் கூட வர வேணாம்னுருச்சு."

பன்னிரண்டு நாள் அவள் என்னோடு பேசவில்லை. பதிமூன்றாவது நாள் எடுத்தாள். குரல் சின்னதாக இருந்தது. எல்லாவற்றையும் சொன்னேன். தட்டு, கேட், பையில் இருந்த தாள், கத்தி. மறைக்கவில்லை. முடியும்வரை கேட்டாள்.

"நீங்க அறுக்கும்போது அது உங்களப் பாத்துச்சா?"

"பாத்துச்சு."

அந்தப் பக்கம் மின்விசிறி சுற்றுவது கேட்டது.

"அதுக்காவது கூட இருந்தீங்க" என்றாள். போனை வைத்துவிட்டாள்.