முதலாம் எண் அட்டை

அயின் ஸித்ராவில் கோபக்காரி யார் என்று கேட்டால் ஊரே நூலகத்தைக் கைகாட்டும். வஸீலா ஹம்தூனி அங்கே முப்பது வருடமாக நூலகர். புத்தகத்தின் முனையை மடித்துக் கொண்டுவந்த நகராட்சித் தலைவர் தாஹிரையே வாசலில் நிற்க வைத்துத் திட்டியவள். "உங்க வீட்டு ரொட்டின்னு நெனச்சீங்களா ஸீ தாஹிர், மடிச்சுக் கடிக்க?" என்று அன்று அவள் கேட்டது இன்றும் காப்பிக் கடைகளில் ஓடிக்கொண்டிருக்கிறது.

கோபக்காரிதான். ஆனால் அவள் கோபத்தில் நியாயம் இல்லாமல் போன நாள் குறைவு. இந்த வருடம் மே மாதத்தில் அவளுக்கு வந்த கோபத்தைக் கேட்டால் உங்களுக்கும் வரும். எனக்கு இன்னும் அடங்கவில்லை.

கதை ஓர் அட்டையில் தொடங்குகிறது. பதினெட்டு வயது ஆகாதவர்கள் நூலகத்தில் சேர அப்பாவின் கையெழுத்து வேண்டும் என்பது விதி. பையன்களுக்குக் கையெழுத்து உடனே கிடைத்தது. பெண்பிள்ளைகளுக்கு அப்பன்மார்கள் பேனாவைத் தொடவில்லை. சிலர் வேலை தேடி லிபியாவில் இருந்தார்கள். சிலர் வீட்டிலேயே இருந்துகொண்டு, "படிச்சு என்ன கிழிக்கப் போறா" என்றார்கள். வேலையில் சேர்ந்த முதல் குளிர்காலத்தில், ஹ்னியா என்ற பதிமூன்று வயதுப் பெண் நனைந்த செருப்போடு வந்து, கையெழுத்து இல்லாத விண்ணப்பத்தை மேசைமேல் வைத்துவிட்டு நகராமல் நின்றாள். விதி எழுதியவனை மனசுக்குள் வைதுவிட்டு, வஸீலா தன் சொந்த அட்டையில் புத்தகத்தை எழுதிக் கொடுத்தாள். நூலகரின் அட்டை என்பதால் அதற்கு எண் ஒன்று.

ஹ்னியா போய்த் தோழியிடம் சொன்னாள். தோழி தங்கையிடம் சொன்னாள். அப்புறம் மலையடிவாரக் கிராமங்களிலிருந்தும் வந்தார்கள். ஒவ்வொரு புத்தகத்தின் பின்னட்டைத் தாளிலும் தேதிக்குப் பக்கத்தில் ஒன்று, ஒன்று, ஒன்று என்றே விழுந்தது. யாரிடம் எது இருக்கிறது என்பது வஸீலாவின் தலைக்குள் இருந்தது. ஒரு புத்தகம்கூடத் தொலைந்ததில்லை.

பெண்பிள்ளைகள் வளர்ந்தார்கள், கல்யாணம் ஆனது, பிள்ளை பெற்றார்கள். பதினெட்டு தாண்டியபின் அவர்கள் சொந்த அட்டை வாங்கியிருக்கலாம். யாரும் கேட்கவில்லை, வஸீலாவும் சொல்லவில்லை. வீட்டில் தெரியாமல் படிப்பவர்களுக்கு அந்த ஒன்றாம் எண் ஒரு திரை. வஸீலாவுக்கோ அது ஒரு பெருமை. உள்ளதைச் சொல்ல வேண்டுமே, ஊர்ப் பெண்கள் எல்லாரும் தன் அட்டைக்குள் இருக்கிறார்கள் என்பதில் அவளுக்கு ஒரு தித்திப்பு இருந்தது. கணினி வந்தபோதும் அந்தப் பழக்கத்தை அவள் விடவில்லை. ஒன்று என்றே தட்டினாள். நல்லது செய்யப் போய்த் தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டாள்.

மே மாதம் மாவட்டத் தலைநகரிலிருந்து மாஹிர் என்ற அதிகாரி வந்தான். முப்பத்து மூன்று வயது, சுருக்கமில்லாத சட்டை, கையில் பலகை மாதிரி ஒரு கணினி. நூலகங்களை டிஜிட்டலுக்கு மாற்றும் திட்டத்துக்கு அவன் ஒருங்கிணைப்பாளன். வந்து உட்கார்ந்ததும், அந்த ஊர் மரியாதைப்படி 'லல்லா' என்று கூப்பிட்டு, திரையை அவள் பக்கம் திருப்பினான்.

"லல்லா வஸீலா, உங்க நூலகத்துல உயிரோட இருக்கற வாசகர்கள் அறுபத்து மூணு பேர்தான்."

"மீதிப் பேரு செத்துட்டாங்களா? யாரு சொன்னா?"

"கணினி சொல்லுது. மூணு வருஷத்துல ஒரே ஆளு நாலாயிரத்து அறுநூத்துப் பன்னெண்டு புத்தகம் எடுத்ததா இருக்கு. அது தட்டச்சுப் பிழைன்னு அதுவே தூக்கிடுச்சு."

"அந்த ஆளு நான்தான்."

"அப்ப இன்னும் மோசம்."

"தினம் நாலு புத்தகம் படிச்ச பொம்பளைக்கு நீங்க மெடல் குடுத்திருக்கணும் மகனே. தூக்கிட்டு வந்து நிக்கறே."

மாஹிர் சிரித்துவிட்டான். பிறகு அவள் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிப்பதைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். நடந்ததை அவள் சொன்னாள், பெயர்களைத் தவிர. பெயர்களைக் கேட்டான். மறுத்துவிட்டாள். பட்டியல் என்று ஒன்று காகிதத்தில் ஏறினால் அது நகராட்சிக்குப் போகும், அங்கே இருக்கும் எழுத்தர் யாருக்காவது மைத்துனனாக இருப்பான், சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும்.

"எனக்குப் புரியுது லல்லா. ஆனா ஜூன் முடியறதுக்குள்ள இருநூறு பேர் இணையத்துல பதியலேன்னா புத்தகங்களை மாவட்டக் கிடங்குக்கு ஏத்திடுவாங்க. இங்க ரெண்டு திரை வெச்சு டிஜிட்டல் மூலைன்னு பேர் போடுவாங்க. உங்களைப் பிறப்பு இறப்புப் பதிவுக்கு மாத்திடுவாங்க."

பதினோராயிரம் புத்தகத்துக்குப் பதிலாக ஒரு மூலை. பெயர் வைத்தவனுக்கு வெட்கமாக இல்லையா என்று கேட்கத் தோன்றுகிறது. வெட்கப்படும் வழக்கம் அலுவலகங்களில் கிடையாது.

வேறு வழியில்லாமல் வஸீலா வீடு வீடாக இறங்கினாள். காலை ஐந்தரைக்கு, தக்காளித் தோட்டங்களுக்குப் பெண்களை நிற்க வைத்து ஏற்றிப்போகும் திறந்த வண்டிகளுக்குப் பக்கத்தில் நின்றாள். தையல் ஆலை விடும் நேரத்தில் அதன் வாசலில் நின்றாள். வண்டியில் தொங்கிக்கொண்டே பெண்கள் அடையாள எண்ணைச் சொன்னார்கள், அவள் குறித்துக்கொண்டாள். பதிவு செய்ய அந்த எண்ணும் ஒரு கைபேசி எண்ணும் வேண்டும். கைபேசிக்கு ஒரு ரகசியக் குறி வரும், அதைச் சொன்னால் முடிந்தது. கேட்க எளிது.

அந்த ஊரில் பெண்ணின் கையில் இருக்கும் சிம் யார் பெயரில் இருக்கும் என்று திட்டம் போட்டவனுக்குத் தெரியுமா? ஒன்று அப்பா, இல்லாவிட்டால் அண்ணன், கல்யாணம் ஆனால் புருஷன். சிம் யார் பெயரில் பதிவாகியிருக்கிறதோ அவருடைய சொந்தக் கைபேசிக்குத்தான் குறி போகும் என்று திட்டத்தில் இருந்தது.

ஹ்னியாவுக்கு இப்போது நாற்பத்து இரண்டு வயது. அவள் புருஷன் லஸ்ஹர் பேருந்து நிலையத்துக்கு எதிரே இருக்கும் காப்பிக் கடையில் காலையிலிருந்து சீட்டாடுகிறவன். தக்காளி பறிப்பது ஹ்னியா, சீட்டுப் போடுவது லஸ்ஹர், இதற்குப் பெயர் குடும்பம். சீட்டாட்டத்தின் நடுவே அவன் கைபேசி ஒலித்தது. ஆறு இலக்கம், கீழே 'பொது நூலகம் உங்களை வரவேற்கிறது'. வாய்விட்டுப் படித்தான்.

"எம்பொண்டாட்டி நூலகத்துல சேந்திருக்காடா. இந்த வயசுல பரீட்சை எழுதப் போறா போல" என்று மேசையில் இருந்தவர்களுக்குச் சொன்னான். கடை சிரித்தது. சிரித்தவர்களில் நாலைந்து பேர் தங்கள் கைபேசியையும் எடுத்துப் பார்த்தார்கள். அங்கேயும் ஆறு இலக்கம். சிரிப்பு நின்றது.

மறுநாள் ஏழு பெண்கள் நூலகத்துக்கு வந்தார்கள். ஒருத்திக்குக் கன்னம் வீங்கியிருந்தது.

"எங்க பேரை எடுத்துடுங்க லல்லா" என்றாள் அவள். "நூலகம் போனாப் போகட்டும்."

வஸீலா ஏழு பெயரையும் அடித்துவிட்டாள். அவர்கள் போனபின் கதவைச் சாத்திவிட்டு மாஹிருக்கு ஃபோன் போட்டாள்.

"அப்போ அப்பன் கையெழுத்து. இப்போ புருஷன் ஃபோனு. இடையில முப்பது வருஷம் போயிருக்கு. எதை மாத்துனீங்க நீங்க? பேனாவையா?"

"லல்லா, முறை அப்படித்தான்..."

"உன் முறையில ஒருத்தி கன்னம் வீங்கி வந்து நின்னா. அதுக்கு உன் கணினியில எடம் இருக்கா?"

அவள் வைத்துவிட்டாள். அன்று அவள் கோபத்தில் பாதி அவள்மேலேயே இருந்தது. இருந்த திரையைத் தன் கையாலேயே கிழித்து, இத்தனை பேரைச் சந்தியில் நிறுத்திவிட்டோமே என்று தன்னையே வைதுகொண்டாள்.

வழி சொன்னது ஹ்னியாதான். வேலை முடிந்து தக்காளிச் சாறு காய்ந்த கையோடு வந்தாள்.

"சிம்மு அவன் பேர்ல இருக்கறதுதானே தொந்தரவு? எம்பேர்ல ஒண்ணு வாங்கிட்டாப் போச்சு. வியாழக்கிழமைச் சந்தையில ஒருத்தன் குடையைப் போட்டு ரெண்டு தினாருக்கு விக்கறான். அடையாள அட்டை காட்டுனாப் போதுமாம்."

"அட்டை யாருகிட்ட இருக்கு?"

"குடும்பக் காகிதம் எல்லாம் ஒரு பிஸ்கட் டப்பாவுல, டப்பா அலமாரி மேல. எம்மூஞ்சி இருக்கற அட்டைதானே லல்லா? நான் எடுத்தா திருட்டா?"

வியாழக்கிழமை பெண்கள் சந்தைக்குப் போக யாரிடமும் கேட்க வேண்டியதில்லை, அது அந்த ஊர் வழக்கம். அன்று மிளகாய் வாங்கப் போனவர்கள் எல்லாம் குடைக்கு முன்னால் வரிசையில் நின்றார்கள். சிம் விற்கிறவன் வாயிலிருந்த சிகரெட்டை எடுத்துவிட்டு, "என்னம்மா இது, சும்மா குடுக்கறாங்கன்னு யாராவது சொன்னாங்களா?" என்று கேட்டான். பாட்டரிக்கு ரப்பர் போட்டுக் கட்டிய பழைய பொத்தான் கைபேசிகளில் அந்தச் சிம்மை ஏற்றிக்கொண்டு நேரே நூலகத்துக்கு வந்தார்கள். கன்னம் வீங்கியவளும் வந்தாள். அவள் பெயர் துராயா. தன் பெயரில் வந்த ஆறு இலக்கத்தை அவள் ஒவ்வொன்றாக, அழுத்திச் சொன்னாள். நாலு சந்தைக்குள் நூற்று எழுபத்தொரு பேர் சேர்ந்தார்கள். ஒவ்வொருத்திக்கும் ஒரு வாசகர் எண்ணும் ஒரு செய்தியும் வந்தன: 'உங்கள் நூலகம் குறித்த எந்தக் கேள்விக்கும் ஒருங்கிணைப்பாளரை அழைக்கலாம்.' கீழே மாஹிரின் கைபேசி எண்.

மொத்தம் இருநூற்று முப்பத்து நாலு. கேட்டதைவிட முப்பத்து நாலு கூடுதல். வஸீலா பைன் விதை போட்ட தேநீர் வைத்து, வந்த எல்லாருக்கும் ஊற்றினாள். ஊரில் பாதிப் பேருக்கு அவள் சிரித்தால் பல் தெரியும் என்பதே அன்றுதான் தெரிந்தது.

ஜூலை முதல் வாரம் கடிதம் வந்தது. அதை அப்படியே சொல்கிறேன், என் வாயால் திரித்தேன் என்று வேண்டாம். 'இரண்டே மாதத்தில் வாசகர்களை முழுமையாக டிஜிட்டல் முறைக்குக் கொண்டுவந்த முன்மாதிரி நூலகத்துக்கு வாழ்த்துகள். வாசகர்கள் தயாராகிவிட்டதால் அச்சுப் புத்தகங்களுக்கு இனித் தேவை இல்லை. திங்கட்கிழமை லாரி வரும்.'

பதியாவிட்டாலும் லாரி, பதிந்தாலும் லாரி. விரல்நகம் அளவு திரை உள்ள பொத்தான் கைபேசியில் ஹ்னியா எதைப் படிப்பாள்? மணியையா?

திங்கட்கிழமை பத்து மணிக்கு லாரி வந்தது. ஓட்டுநரும் சுமை தூக்க இருவரும் உத்தரவைக் காட்டினார்கள். வஸீலா கத்தினாள், கதவில் குறுக்கே நின்றாள். "எங்களுக்கும் புள்ளைங்க படிக்குது தாயி, எங்களைத் திட்டி என்ன பண்ண?" என்று ஓட்டுநர் சொன்னபோது அவளுக்கு வழிவிட வேண்டியிருந்தது. முதல் பெட்டி ஏறியது. அவள் ஹ்னியாவைக் கைபேசியில் கூப்பிட்டாள்.

"எடுத்துட்டுப் போறாங்கடீ" என்றாள். முப்பது வருடத்தில் முதல்முறையாக அவள் குரல் உடைந்தது.

தோட்டத்திலிருந்து கங்காணியின் அதட்டல் கேட்டது. ஹ்னியா, "அந்தச் செய்தியில ஒரு நம்பர் இருந்துச்சே லல்லா" என்றாள். "நீங்க ஃபோனை வையுங்க."

பெட்டிகள் ஏறிக்கொண்டிருந்தன. ஏழாவது பெட்டி ஏறி, எட்டாவதைக் கட்டும்போது ஓட்டுநருக்கு ஒரு ஃபோன் வந்தது. கேட்டுவிட்டுத் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். "இறக்கணுமாம்டா" என்றான். அடுத்து நூலகத்தின் மேசைத் தொலைபேசி அடித்தது. மாஹிர், அலுவலகத் தொலைபேசியிலிருந்து.

"லல்லா, என் கைபேசியைத் தொட முடியல. ஒருத்தி வைக்கறதுக்குள்ள அடுத்தவ. பேரைச் சொல்றாங்க, வாசகர் எண்ணைச் சொல்றாங்க, எந்தப் புத்தகத்துல எத்தனாவது பக்கத்துல நிறுத்தியிருக்கோம்னு சொல்றாங்க, மீதியை எப்ப குடுப்பேன்னு கேக்கறாங்க. தையல் ஆலைக்கு இப்ப இடைவேளையாம், அங்கேருந்தும் வருது. ஆளுநர் அலுவலகத்துக்கும் அடிச்சிருக்காங்க. லாரியைத் திருப்பச் சொல்லிட்டேன், உத்தரவையும் நிறுத்தி வெச்சிருக்கு. தயவுசெஞ்சு ஒரு வார்த்தை சொல்லி அவங்களை நிறுத்துங்க."

"யாரை?"

"உங்க ஆளுங்களைத்தான்."

வஸீலா மேசை இழுப்பறையைத் திறந்தாள். முனை தேய்ந்த அந்த முதலாம் எண் அட்டை உள்ளே கிடந்தது. அதை எடுக்காமலே இழுப்பறையை மூடினாள்.

"முப்பது வருஷம் என் அட்டையில இருந்தாங்க மகனே, அப்ப நான் ஒரு வார்த்தை சொன்னாப் போதும். இப்ப ஒவ்வொருத்திக்கும் ஒரு பேரு, ஒரு நம்பர். நீதான் கேட்டு வாங்குனே. ஒவ்வொருத்தியா கூப்பிட்டு நீயே கேளு."

தொலைபேசியை வைத்துவிட்டு வெளியே வந்தாள். இறக்கிய பெட்டிகளில் ஒன்றைத் திறந்தபோது மேலே இருந்த புத்தகத்தின் முனை மடங்கியிருந்தது. சுமை தூக்கியவர்களுக்கு அன்று நல்ல திட்டு விழுந்தது.