ஜமீலா விட்ட காலிக் கட்டம்

தாமிரபரணி கடலில் சேரும் புன்னைக்காயலில், வள்ளத்தில் இருந்தபடி தண்ணீர் எடுக்கப் பாட்டிலை இறக்கப் போனேன். கைப்பேசி அடித்தது. காயல்பட்டினத்திலிருந்து ஜமீலாவின் தம்பி. "அக்கா, ராத்தா மௌத்தாயிட்டாஹ. காலையில நெஞ்சு வலின்னாஹ, ஆஸ்பத்திரி போறதுக்குள்ள..." அவருடைய அக்கா, என் தோழி ஜமீலா, இறந்துவிட்டாள். வள்ளத்தைக் கரைக்குத் திருப்பச் சொன்னேன்.

நம் கடலியல் வகுப்பில் படித்த உங்கள் எல்லோருக்கும் ஜமீலா என்றால் எலுமிச்சம்பழம்தான் ஞாபகம் வரும். கடலோர ஊர்க்காரி, ஆனால் வள்ளம் லேசாக ஆடினாலே அவளுக்குக் குமட்டும். பழத்தை முகர்ந்துகொண்டே எல்லாப் பயணத்துக்கும் முதல் ஆளாக வந்து நிற்பாள். வண்ணார்பேட்டையில் பேருந்துச் சத்தத்தில் வளர்ந்த எனக்கோ ஒன்றும் செய்யாது. "ஏட்டி, உனக்கு எதுக்கு இந்தப் படிப்பு?" என்று சீண்டுவேன். "கடலுக்கு என்னைப் புடிக்கல புள்ள. எனக்கு அதைப் புடிச்சிருக்கே, என்ன செய்ய?" என்பாள்.

மூன்றாம் ஆண்டில் இதே கழிமுகத்தில் மணிக்கொரு முறை தண்ணீர் எடுத்து உப்பின் அளவு பார்க்க வேண்டியிருந்தது. எங்கள் குழுவில் மூன்று பேர். பதினொரு மணிக்கு ஜமீலா வள்ளத்தின் விளிம்பில் தொங்கிக்கொண்டிருந்தாள்; மற்ற இருவரும் அவளைப் பிடித்துக்கொண்டிருந்தோம். தண்ணீர் எடுக்கவில்லை. நம் வழக்கம்தான் உங்களுக்குத் தெரியுமே. பத்து மணி அளவுக்கும் பன்னிரண்டு மணி அளவுக்கும் நடுவாக ஒரு எண்ணை ரெக்கார்டு நோட்டில் எழுதினேன். மூன்றாமவள் என்னைப் பார்த்து எழுதினாள். ஜமீலா மட்டும் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டு, பக்கத்தில் "வாந்தி. நீர் எடுக்கவில்லை" என்று எழுதினாள்.

என் முதல் வகுப்பு அந்தச் செய்முறைத் தேர்வை நம்பித்தான் இருந்தது. "ஒரே ஒரு எண்ணுதானட்டி, போட்டிரு" என்று கெஞ்சினேன்.

"எடுக்காத தண்ணிக்கு எப்படிப் புள்ள உப்பு பாக்க?" என்றாள்.

வெளியூர்த் தேர்வாளர் அவள் நோட்டைப் படித்து வாய்விட்டுச் சிரித்தார். அடுத்து என் நோட்டைப் புரட்டினார். "அப்போ இது யார் எடுத்த தண்ணி?" ஜமீலாதான் பேசினாள்: "அவ தண்ணி எடுக்கப் போயிருந்தா நான் கடலுக்குள்ள விழுந்திருப்பேன் சார்." அவர் என் எண்ணை அடித்தார், மதிப்பெண்ணையும் குறைத்தார். முதல் வகுப்பு போயிற்று. பதினைந்து நாள் அவளோடு பேசவில்லை. அதற்கு அடுத்த நாள் வட்டிலப்பத்தோடு விடுதி அறைக்கு வந்து உட்கார்ந்தாள். "கோவம்னா கோவம்னு சொல்லிக்கிட்டே தின்னு." அப்படியே தின்றேன்.

பிறகு அவள் ஊரிலேயே பள்ளி ஆசிரியையானாள். "சோதனை சரியா வரலன்னா வரலன்னே எழுதுங்க, அதுக்கும் மார்க் உண்டு" என்பாளாம். அவள் வீட்டில் கூடியிருந்த மாணவிகள் இதைச் சொல்லித்தான் அழுதார்கள். அவளைப் போல் நேர்மையான ஒருத்தியை நான் பார்த்ததில்லை. வீணாக்கிய அந்தப் பதினைந்து நாள் இப்போது நெஞ்சை அறுக்கிறது.

பாபநாசத்திலிருந்து புன்னைக்காயல் வரை மாதந்தோறும் தண்ணீர் எடுத்துச் சோதிப்பதுதான் இன்று என் வேலை. அடக்கத்துக்கு மறுநாள் இந்த மாத அளவுகளின் அட்டவணையை முடித்துக் கொடுக்க வேண்டியிருந்தது. "போன மாச அளவையே போட்டிருங்க மேடம், யாரு பாக்கப் போறா?" என்றார் உடன் வேலை செய்பவர்.

புன்னைக்காயலுக்கு நேரான கட்டத்தைக் காலியாக விட்டேன். பக்கத்தில் எழுதினேன்: "ஜமீலா மறைவு. நீர் எடுக்கவில்லை."