நாற்பத்து நான்காம் எலுமிச்சை

என் இடது சிறுநீரகத்தில் ஏழு மில்லிமீட்டர் அளவில் ஒரு கல் இருப்பதாகப் பெரம்பலூர் டாக்டர் ஸ்கேனைப் பார்த்துச் சொன்னார். ஆறு வாரம் அவகாசம் தந்தார். தினமும் மூன்று லிட்டர் தண்ணீர், ஒரு எலுமிச்சம்பழத்தின் சாறு. உப்பு, சர்க்கரை கூடாது. அதற்கும் கல் அசையாவிட்டால் குழாய் விட்டு உடைக்க வேண்டும் என்றார். குழாய் எந்த வழியாகப் போகும் என்று கேட்டேன். சொன்னார். கேட்காமல் இருந்திருக்கலாம்.

செந்துறைக்குத் திரும்பும் பஸ்ஸில் நான்கு பேர் எலுமிச்சையைப் பற்றி எனக்கு எடுத்துச் சொன்னார்கள். பித்தத்துக்கு நல்லது என்றார் ஒருவர். பொடுகுக்குத் தேய்க்கலாம் என்றார் இன்னொருவர். மூன்றாமவர் அது குளிர்ச்சி என்றார், நான்காமவர் சூடு என்றார். அவர்கள் இருவரும் ஒரே சீட்டில் உட்கார்ந்திருந்தார்கள்.

வீட்டுக் கொல்லையில் ஒரு எலுமிச்சை மரம் இருக்கிறது. நான் கிராம நிர்வாக அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவன். பயிரையும் மரத்தையும் எண்ணி அடங்கல் பதிவேட்டில் எழுதுவதே முப்பத்தொரு வருடம் என் வேலை. ஸ்டூல் போட்டு ஏறி, பழங்களை எண்ணினேன். நாற்பத்தெட்டு. ஆறு வாரத்துக்கு நாற்பத்திரண்டு போதும், ஆறு உபரி. வரிசை தவறாமல் பறிப்பதற்காக மார்க்கர் பேனாவால் ஒவ்வொன்றிலும் எண் எழுதினேன். பதின்மூன்று முள் குத்தியது.

திங்கட்கிழமை ஒன்றாம் எண்ணில் தொடங்கினேன். உப்பில்லாத எலுமிச்சைச் சாற்றைக் குடித்தவர்களுக்குத்தான் அதைப் பற்றித் தெரியும். ஒரு சிட்டிகை போட்டால் என்ன ஆகிவிடும் என்று என் மனைவி மூன்று நாள் கேட்டாள். பிறகு கேட்கவில்லை. பிழிந்த மூடிகளை எடுத்துக்கொண்டு போய் ஒரு மூடியில் குத்துவிளக்கைத் தேய்ப்பாள், மறு மூடியைத் தன் குதிகால் வெடிப்பில் தேய்ப்பாள். அந்த வகையில் எங்கள் வீட்டில் எதுவும் வீணாகவில்லை.

பதினேழாம் நாள், புதன்கிழமை காலை. பால் வாங்கப் போனேன். முச்சந்தியில், டீக்கடைக்கு எதிரே, குங்குமம் தடவிய எலுமிச்சம்பழம் ஒன்று இரண்டாக வெட்டிக் கிடந்தது. இதை நான் வாரம் இரண்டு முறையாவது பார்க்கிறேன். சுற்றிக்கொண்டு போய்விடுவேன். அன்றைக்கு அதில் ஏதோ கறுப்பாகத் தெரிந்தது. குனிந்தேன். ஒரு பாதியில் 4 இருந்தது. மறு பாதியிலும் 4 இருந்தது. என் கையெழுத்து.

"சார், யாருக்கோ கழிச்சுப் போட்டது. மிதிச்சுடாதீங்க" என்றார் டீக்கடைக்காரர்.

எனக்கு ஆகாதவர்கள் யார் யார் என்று வீடு போய்ச் சேர்வதற்குள் எண்ணிப் பார்த்தேன். பட்டா மாறுதலில் என்மேல் வருத்தப்பட்டவர்களை மட்டும் சேர்த்தே ஒன்பது பேர் வந்தார்கள். அவர்களில் ஒருவர் என் கொல்லைக்குள் புகுந்து, என் பழத்தைப் பறித்து, எனக்கே ஏதோ செய்திருக்கிறார். இதிலெல்லாம் எனக்கு நம்பிக்கை கிடையாது. ஆனாலும் வேகமாக நடந்தேன்.

மரத்தில் பார்த்தால் நாற்பத்து நான்கு முதல் நாற்பத்தெட்டு வரை ஐந்து பழங்கள் இல்லை. மனைவியைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். நிறுத்தவில்லை.

"நான்தான் எடுத்தேன்."

செவ்வாயும் வெள்ளியும் சாயங்காலம் நான் சாய்வு நாற்காலியில் கண்ணயரும்போது என் தலையை மூன்று சுற்றுச் சுற்றி, பழத்தை வெட்டி, முச்சந்தியில் போட்டு வருகிறாளாம். எனக்குச் சீக்கிரம் தெரியக் கூடாதென்று கடைசி எண்ணிலிருந்து எடுத்திருக்கிறாள். கடையில் ஒரு பழம் வாங்கிச் சுற்றியிருக்கலாமே, என் மருந்தில் ஏன் கை வைத்தாய் என்று கேட்டேன்.

"கடைப் பழம் யாரு பழமோ. இது நீங்க கைப்பட எழுதினது. இதான் உங்களுக்குப் பலிக்கும்."

ஆறு வாரத்தில் பன்னிரண்டு பழம் இப்படிப் போனால் சாற்றுக்கு முப்பத்தாறுதான் மிஞ்சும், ஆறு நாள் பட்டினி, கல் அப்படியே நிற்கும், குழாய்தான் என்று கணக்குப் போட்டுச் சொன்னேன்.

"வேலிப் பக்கம் ஏழு பழம் இருக்கு. முள்ளுக்குப் பயந்துகிட்டு நீங்க அந்தப் பக்கமே போகலை."

போய்ப் பார்த்தேன். ஏழு இருந்தது. முப்பத்தொரு வருடம் நான் எழுதிய அடங்கல்களைப் பற்றி எனக்கு அன்றிலிருந்து ஒரு கவலை.

திரும்பி வந்தது, இனிமேல் இதை நிறுத்து என்று சொல்லத்தான். அதற்குள் அவள், பாத்திரத்தைப் பார்த்தபடியே சொன்னாள்: "குழாய் விடுவேன்னு அந்தாளு சொன்னதுலேர்ந்து எனக்குத் தூக்கமே இல்லைங்க."

நான் உள்ளே போய் மார்க்கரை எடுத்து வந்து அந்த ஏழுக்கும் எண் போட்டேன். ஐம்பத்தைந்தில் முடிந்தது. இன்னும் நான்கு முள்.

அதற்குப் பிறகு செவ்வாய், வெள்ளிகளில் நான் தூங்கவில்லை. கண்ணை மட்டும் மூடியிருந்தேன். ஒரு வெள்ளிக்கிழமை இரண்டு சுற்றோடு நிறுத்திவிட்டாள், அடுப்பில் பால் பொங்கிய சத்தம் கேட்டது. மூன்றாவதை வந்து முடிக்கும் வரை அப்படியே இருந்தேன்.

ஆறு வாரம் முடிந்து பெரம்பலூருக்கு இருவரும் போனோம். கல் ஐந்து மில்லிமீட்டர். தண்ணீர் நிறையக் குடித்தது வேலை செய்திருக்கிறது என்றார் டாக்டர். ஸ்கேனில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் முன்பின் காட்டவும் செய்யும் என்றும் சொன்னார். அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். குழாய் இப்போதைக்கு வேண்டாம், இன்னும் ஆறு வாரம் இதையே செய்யுங்கள் என்றார். என் மனைவி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அறையில் ஏசி ஓடிக்கொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் சீட்டு எழுதினேன். சாற்றுக்கு நாற்பத்திரண்டு. கழிப்புக்குப் பன்னிரண்டு. ஆக ஐம்பத்து நான்கு. மரத்தில் இருப்பு ஒன்று. அரியலூர் மார்க்கெட்டில் வாங்க வேண்டியது ஐம்பத்து மூன்று.

அவள் சீட்டை வாங்கி, தூரத்தில் பிடித்துப் படித்தாள்.

"எல்லாத்துக்கும் நம்பர் போட்டுடுங்க" என்றாள்.

சீட்டைத் திரும்ப வாங்கி, அடியில் மார்க்கர் பேனா ஒன்று என்று சேர்த்தேன்.