நோட்டீஸில் சிரிக்கிறவள்

வேலையிலிருந்து வந்ததும் அக்கா ஷூவைக் கழற்றிக் குப்பைத்தொட்டி விளிம்பில் மடேர் மடேரென்று தட்டுவாள். ஜிகினாத் தூளும் வண்ணக் காகிதமும் உதிரும். "இந்தா பாரும்மா, நான் பார்த்த திருவிழா இவ்வளவுதான்" என்பாள். தொட்டிக்கு வாயிருந்தால் அழுதுவிடும்.

அவள் குடும்பம் பக்கத்து அறை. சமையலறை இரண்டு வீட்டுக்கும் பொது. அவர்கள் இந்த நாட்டுக்கு வந்து எட்டு மாதம். கோடை பிறந்தால் இங்குள்ளவர்களுக்குக் கால் தரையில் பாவாது. ஞாயிறு தவறாமல் பூங்காவில் திருவிழா. கூட்டம் கலைந்ததும் பூங்காவைப் பெருக்குவது அக்காவின் வேலை. நின்றபடி பெருக்க நீளக்காம்புத் துடைப்பம் கொடுத்திருக்கிறார்கள். "குனியாம பெருக்கினா அது பெருக்கலா? தரையைத் தடவிக்கொடுக்கிறது!" என்று குனிந்தேதான் பெருக்குவாள். மேற்பார்வையாளர் அவர் மொழியில் கத்துவார். இவள் தமிழில் கத்துவாள். இருவருக்கும் நன்றாகவே புரியும்.

ஒருநாள் வேலை தொடங்குமுன் ஒருவன் கேமராவை நீட்டியிருக்கிறான். வெக்கை தாங்காமல், வேலைக்குப் போடும் மஞ்சள் கோட்டைக் கழற்றியிருந்தாள். உள்ளே பூப்போட்ட சுடிதார். துடைப்பத்தை மரத்துக்குப் பின்னால் சாய்த்துவிட்டு, முடியை ஒதுக்கிக்கொண்டு, பல் தெரியச் சிரித்திருக்கிறாள்.

"ஏன்க்கா துடைப்பத்தை ஒளிச்சீங்க?"

"படம் ஊருக்குப் போனா அம்மா அழுவாங்கல்ல?"

படம் ஊருக்குப் போகவில்லை. திருவிழா நோட்டீஸில் வந்தது. 'அனைவரும் வருக, அனுமதி இலவசம்' என்ற எழுத்துக்குக் கீழே, திருவிழா பார்க்க வந்தவளாக அக்கா சிரித்தாள். எட்டு வயது மகள் அதைச் சுவரில் ஒட்டிவைத்து, "அம்மா, நம்மளையும் கூப்பிடறாங்க!" என்று குதித்தாள்.

போன ஞாயிறு தன் வேலைக்கு வேறொருத்தியை அனுப்பிவிட்டு, மகளுக்கு ரெட்டைச்சடை பின்னி அழைத்துப் போனாள். ஓராண்டு குடியிருந்த சான்று இருந்தால்தான் உள்ளே விடுவார்களாம். "குப்பை அள்ள வர்றப்ப மட்டும் எந்தச் சான்றும் கேக்கலையே, ஏன்?" என்று கேட்டிருக்கிறாள். காவலாளி அடுத்த ஆளைக் கூப்பிட்டார். குழந்தை வேலி இடுக்கில் ராட்டினத்தைப் பார்த்துக்கொண்டே திரும்பியது. நோட்டீஸுக்கு முகத்தை எடுத்துக்கொண்டு ஆளை வெளியே நிறுத்துகிறவர்களை வேறு என்னவென்று சொல்வது? திமிர் பிடித்தவர்கள்.

அன்றிலிருந்து அக்கா சரியாகப் பேசவில்லை. பாத்திரங்கள்தான் பேசின. ஒரு டம்ளர் நெளிந்தது.

இன்று கோடையின் கடைசித் திருவிழா. நானும் கூடப் போனேன். அதே சுடிதார், அதே ரெட்டைச்சடை. வரிசை நகர்ந்து எங்கள் முறை வந்தது. அதே காவலாளி சான்றுக்குக் கை நீட்டினார். "வேண்டாம்மா, போயிரலாம்" என்றாள் குழந்தை. "சும்மா இரு" என்றாள் அக்கா.

பையிலிருந்து நோட்டீஸை எடுத்தாள். மூலைகளில் சுவர்ச் சுண்ணாம்பு ஒட்டியிருந்தது. கசங்கலை நீவி, காவலாளியின் கண்ணுக்கு நேரே, தன் கன்னத்தோடு சேர்த்துப் பிடித்தாள். சிரிக்கவில்லை. பின்னால் வரிசை முணுமுணுத்தது. அவள் நகரவுமில்லை.