பிற மாநிலத்தவர்

கௌசல்யாவுக்கு மதிப்பெண் குறைவு என்று நான் சொன்னது பொய்.

அவள் மதிப்பெண்ணில் எந்தக் குறையும் இல்லை. தவறு செய்தவள் நான். அதை மறைக்க ஒரு பெண்ணின் அறிவின் மேல் பழியைப் போட்டேன். ஆறு ஆண்டுகளாக யாரிடமும் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் என்னை நேரில் பார்க்கப் போவதில்லை என்கிற தைரியம்தான்... வேறென்ன!

நான் கடற்கரைக்காரி. நாகப்பட்டினம் பக்கம். மலையடிவாரத்தில் ஒரு கல்லூரியில் மருத்துவம் படிக்க வந்தேன். எங்கள் மாணவர்கள் சிலர் மாதத்தில் இரண்டு ஞாயிறு ஏற்காட்டுக்குப் பஸ் ஏறுவோம். அங்கிருந்து மலைக் கிராமங்களுக்குப் போய்ப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அறிவியல் சொல்லித் தருவோம். டாக்டராக, ஆராய்ச்சியாளராக ஆவதற்கு எங்கே சேர வேண்டும், எப்படி விண்ணப்பிக்க வேண்டும் என்று வழிகாட்டுவோம். எனக்கு வாய்த்த ஊர் மாரமங்கலம். என் பெயருக்குக் கீழே ‘வழிகாட்டி’ என்று அட்டையில் அச்சடித்திருந்தார்கள். வழிகாட்டி!

கௌசல்யா அப்போது பத்தாம் வகுப்பு. அவள் பெற்றோருக்குச் சொந்தமாகக் கொஞ்சம் காப்பிச் செடியும் மிளகுக் கொடியும் இருந்தன. முதல் நாளே ஒரு தீப்பெட்டியைக் கொண்டுவந்து என் முன்னால் திறந்தாள். உள்ளே காப்பித் தண்டைத் துளைக்கும் வண்டு.

“ஏனுங்க்கா, வெயில்ல நிக்கிற செடியிலதான் இது நொம்ப வருதுங்க. நெழல்ல கம்மிதானுங்க. அது எதனாலீங்க?”

எனக்கு விடை தெரியாது. ‘நீயே கண்டுபிடி’ என்று சமாளித்தேன். அவள் அதை நிஜமாகவே எடுத்துக்கொண்டுவிட்டாள்! அடுத்த முறை நான் போனபோது பதினொரு தீப்பெட்டிகள். ஒவ்வொன்றின் மேலும் எந்தச் செடி, நிழலா வெயிலா, பட்டை உரிந்திருந்ததா என்று பென்சிலால் எழுதியிருந்தாள். நான் மருத்துவம் படிக்கிறவள். அப்படி ஒரு கேள்வியை விடாமல் துரத்த எனக்கு என்றுமே தோன்றியதில்லை. கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. அதையும் ஒளிக்கவில்லை, சொல்லிவிடுகிறேன்.

அறிவியலில் தேர்ந்த பிள்ளைகளுக்காக ஓர் அறக்கட்டளை நடத்தும் உண்டு உறைவிடப் பள்ளி இருந்தது. பத்தாவது முடித்தவர்களை எடுத்து இரண்டு ஆண்டுகள் தங்கவைத்துப் படிக்கவைப்பார்கள். தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும்தான்; அது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. அதில் பழங்குடிப் பிள்ளைகளுக்கென்று தனியே இடங்களும் உண்டு. பத்தாவது முடித்த அந்த ஓராண்டில்தான் சேர முடியும். கௌசல்யாவுக்கு அந்த விண்ணப்பத்தை நான்தான் எழுதினேன்.

அன்று ஏற்காட்டுக்கு நாலரை மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டிய அவசரம். அவள் அப்பாவிடம் கையெழுத்தை மட்டும் முதலில் வாங்கிக்கொண்டேன். மீதியை விடுதியில் நிரப்பிக்கொள்ளலாம் என்று எண்ணம். மதிப்பெண் பட்டியலைத் தனியாகவும், மற்றச் சான்றிதழ் நகல்களை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டும் கொடுத்தாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டே, “நீங்க என்ன ஆளுங்கம்மா?” என்று கேட்டேன்.

“மலையாளிங்க்கா” என்றாள்.

அவ்வளவுதான். அந்த ஒரு சொல்.

விடுதியில் என் அறைத்தோழி பாலக்காட்டுக்காரி. ‘மலையாளி’ என்றால் எனக்கு அவள்தான். எஸ்டேட் வேலைக்காக எங்கெங்கிருந்தோ ஆட்கள் இந்த மலைக்கு வந்தார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். இவர்களும் கேரளாவிலிருந்து வந்திருப்பார்கள் போலும் என்று நானே ஒரு கதையைக் கட்டிக்கொண்டேன். அவள் பேசியது இந்தப் பக்கத்துத் தமிழ் என்பதுகூடவா காதில் விழவில்லை? விழுந்தது. யோசிக்கத்தான் இல்லை.

தாய்மொழி: மலையாளம். பிரிவு: பிற மாநிலத்தவர். முதலாவதை என் அழகான கையெழுத்தில், நீல மையில் எழுதினேன்; இரண்டாவதற்கு எதிரே டிக் போட்டேன். பழங்குடியினர் மட்டுமே சாதிச் சான்றிதழை இணைக்க வேண்டும் என்று கீழே குறிப்பு இருந்தது. ஆகவே அந்த உறையை நான் திறக்கவே இல்லை.

பதில் கடிதம் என் விடுதி முகவரிக்கு வந்தது. மலைக்குத் தபால் தாமதமாகும் என்று நான்தான் அந்த முகவரியைக் கொடுத்திருந்தேன். ‘பிற மாநிலத்தவர் விண்ணப்பம் ஏற்கப்படாது’ என்றிருந்தது. அதன் கீழேயே இன்னொரு வரி: பிழை ஏதும் இருந்தால், வழிகாட்டியின் எழுத்துபூர்வமான விளக்கத்தைத் துறைத்தலைவரின் கையொப்பத்துடன் பத்து நாட்களுக்குள் அனுப்பலாம்.

அப்போதுதான் உறையைத் திறந்தேன். இந்து மலையாளி... பழங்குடியினர்.

பக்கத்து அறையில் சேலத்துப் பெண் ஒருத்தி இருந்தாள். அவளிடம் போய்ச் சும்மா கேட்பதுபோலக் கேட்டேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். “மலைய ஆளுறவங்க, மலையாளி! சேர்வராயன் மலையில காலங்காலமா இருக்கறவங்க. இது தெரியாமயா இத்தன நாளா மலை ஏறி எறங்குன?”

சிரித்தேன். நானும் அவளோடு சேர்ந்து சிரித்தேன்.

பத்து நாட்கள் இருந்தன என்பதை மறந்துவிடாதீர்கள். தவறு நேர்ந்துவிட்டது, நேரமில்லை என்று நான் சொல்ல முடியாது. ஒரு தாளில் நான்கு வரி எழுதி, துறைத்தலைவர் முன்னால் போய் நின்றிருந்தால் போதும். ஆனால் அவர்தான் அந்த மாதம் எங்கள் குழுவுக்கு என்னைத் தலைவியாக்கியிருந்தார். கல்லூரி மேடையில், ‘மலை மக்களை உண்மையாகப் புரிந்துகொண்ட மாணவி’ என்று என்னைப் பாராட்டியிருந்தார். அந்த மனிதர் முன்னால் போய், அவர்கள் யார் என்றே எனக்குத் தெரியாது ஐயா என்று எப்படிச் சொல்வேன்! நாளை போகலாம் என்றேன். மறுநாளும் அதையே சொன்னேன். ஒருமுறை அவர் அறை வாசல்வரை போய், உள்ளே யாரோ இருக்கிறார்கள் என்று திரும்பி வந்தேன். உள்ளே யாரும் இல்லை.

பதினொன்றாம் நாள் மனம் லேசானதுபோல் இருந்தது. என்ன பெண் நான்!

அடுத்த ஞாயிறு மாரமங்கலத்தில் பஸ்ஸைவிட்டு இறங்கும்போதே நின்றுகொண்டிருந்தாள்.

“அக்கா, லெட்டர் வந்துச்சுங்களா?”

“வந்துச்சு கௌசல்யா... மார்க் பத்தலயாம்.”

அழவில்லை. காலடியில் கிடந்த ஒரு காப்பி இலையை எடுத்து நரம்பு நரம்பாகக் கிழித்தாள். பிறகு மெல்லக் கேட்டாள்: “அப்ப எனக்கு சயின்ஸ் வராதுங்களாக்கா?”

வராது என்று நான் சொல்லவில்லை. வரும் என்றும் சொல்லவில்லை. பொய்யைவிட அந்த மௌனம்தான் அவளைக் கொன்றது என்று இன்று நினைக்கிறேன். பதினொன்றாம் வகுப்பில் அவள் அறிவியல் பிரிவை எடுக்கவில்லை. “டாக்டரக்காவே ஒண்ணும் சொல்லலீங்களே” என்று வீட்டில் சொன்னாளாம். அவள் அம்மா பிற்பாடு என்னிடம் சொன்னார், என் சொல்லுக்கு மகள் தரும் மதிப்பைச் சொல்வதாக நினைத்துக்கொண்டு.

இப்போது கௌசல்யா வாழவந்திப் பக்கம் ஓர் எஸ்டேட்டில் ரைட்டருக்கு உதவியாக இருக்கிறாள். காலையில் வேலைக்கு வரும் ஆட்களின் பெயரை எழுதுகிறாள்.

‘நீ அந்த மலைப்பக்கமே போகாமல் இருந்திருக்கலாமே?’ என்று நீங்கள் கேட்கலாம். முயன்றேன். இரண்டு மாதம் போகாமல் இருந்தேன். “உடம்புக்கு முடியலீங்களா சாமி?” என்று அவள் அம்மா போன் செய்துவிட்டார். என்ன காரணம் சொல்லி விலகுவேன்? மேற்படிப்பும் அதே கல்லூரியில் அமைந்தது. குழுவின் பொறுப்பு இன்றும் என் தலையில். நாங்கள் வரும் ஞாயிறுகளில் லீவு போட்டு எங்களுக்குப் பள்ளி அறையைத் திறந்துவைத்து, பிள்ளைகளைக் கூட்டி வருகிறவள் யார் என்கிறீர்கள்? அவள்தான்! புதிதாக வருகிற ஒவ்வொரு பிள்ளையிடமும் என் எதிரிலேயே சொல்கிறாள்: “நானெல்லாம் மார்க்கு வாங்காம கோட்ட உட்டவ. நீங்களாச்சும் ஒழுங்காப் படிங்க கண்ணு.” நான் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருப்பேன். துடைத்த இடத்தையே மறுபடி துடைப்பேன்.

ஒருமுறை சொல்லிவிடத் துணிந்தேன். சேர்வராயன் கோயில் திருவிழா. கோயில் ஒரு குகைக்குள் இருக்கிறது; குனிந்துதான் போக வேண்டும். முன்னால் கௌசல்யாவின் அம்மா, பின்னால் நெருக்கித் தள்ளும் கூட்டம். திரும்பவும் முடியாது, நிமிரவும் முடியாது. அந்த இருட்டில் முகம் தெரியாது என்பதால், “கௌசல்யா ஃபார்ம்ல நான் ஒரு தப்பு...” என்று தொடங்கினேன்.

“நீங்க என்னங்க சாமி பண்ணுவீங்க? அது அவ தலையெழுத்துங்க” என்றார் அவர், திரும்பாமலே. என் கையைத் தேடிப் பிடித்து, வழுக்கும் என்று பார்த்துப் பார்த்து அழைத்துப் போனார்.

தலையெழுத்தாம்! என் கையெழுத்து அது, அம்மா... வாய்க்குள்ளேயே நின்றுவிட்டது. வெளியே வெயிலுக்கு வந்ததும் பொரிகடலை வாங்கித் தந்தார். வாங்கித் தின்றேன்.

சென்ற ஞாயிறு கௌசல்யா தன் தங்கை நந்தினியை அழைத்து வந்தாள். கையில் அதே பள்ளியின் விண்ணப்பம்.

“நீங்களே எழுதிக் குடுங்கக்கா. உங்க எழுத்து முத்து முத்தா இருக்குமுங்க. ஊட்டுலயும் அதத்தான் சொன்னாங்க.”

எழுதினேன். ஒவ்வொரு வரியையும் வாய்விட்டுப் படித்துப் படித்து எழுதினேன். தாய்மொழி: தமிழ். பிரிவு என்ற இடத்தில் என் பேனா நின்றது. கௌசல்யா என் தோளுக்கு மேலாகக் குனிந்து தாளைப் பார்த்தாள். அன்று தன்னுடைய விண்ணப்பத்தை அவள் பார்த்ததே இல்லை.

“பழங்குடியினர்... எங்களுக்குன்னே தனியா எடம் உடறாங்களா?” என்று விரலை வைத்துப் படித்தாள். “அக்கா, எனக்கும் இதுலதான் டிக் போட்டீங்களா?”

இதைவிட நல்ல நேரம் எனக்கு இனி வாய்க்காது. அவளே கதவைத் திறந்து கொடுத்தாள். நந்தினி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். விண்ணப்பத்தின் அடியில் ‘வழிகாட்டி’ என்ற இடம் என் கையெழுத்துக்காகக் காலியாகக் கிடந்தது.

“ஆமா” என்றேன்.

கௌசல்யா சிரித்தாள். தங்கையின் தலையில் செல்லமாகத் தட்டினாள். “பாத்துக்க கண்ணு. நமக்குன்னே எடம் உட்டும் உங்கக்காளுக்குக் கெடைக்கல. அம்புட்டு மக்கா இருந்திருக்கறன்!”

நான் டிக் போட்டேன். கையெழுத்திட்டேன்.