நீல ஓடு

மயிலிட்டி வீட்டை விட்டு எங்கள் குடும்பம் வெளிக்கிட்டு நாலைந்து வருசத்துக்குப் பிறகுதான் நான் பிறந்தேன். ஆனாலும் அந்த வீடு எனக்கு மூலை முடுக்கெல்லாம் தெரியும். உரும்பிராயில் ஒரு தோட்டக் காணியின் ஓரத்தில், தென்னங்கிடுகால் கூரை மேய்ந்த கொட்டிலில் இருந்துகொண்டு, அம்மா அந்த வீட்டை நாளுக்கு ஒரு தடவையாவது வாயால் கூட்டித் துப்புரவாக்குவார். கிணற்றடியில் எந்தக் கல் ஆடும், எந்த யன்னல் மழைக்கு இறுகும், கறிவேப்பிலை எந்தப் பக்கம் நிற்கிறது என்பதெல்லாம் எனக்குப் பாடம். ஊர் முழுக்க இராணுவம் போட்ட முட்கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் இருந்தது. ஆமி விட்டவுடன் போய்விடலாம் என்றுதான் எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

அந்தக் கதைகளில் எனக்கு மிகவும் பிடித்தது ஓட்டுக் கதை. அப்பா கடலுக்குப் போய்க்கொண்டிருந்த காலம். வீட்டுச் சுவர் எழும்பி, முற்றத்தில் ஓடு வந்து இறங்கியிருந்தது. அதே கிழமை அப்பா தன் வள்ளத்துக்கு நீலப் பெயின்ற் அடித்தார். பேணியில் கொஞ்சம் மிஞ்சியது. வீணாய்ப் போகக் கூடாது என்று, முன் அறைக்குரிய ஓடுகளை ஒவ்வொன்றாகத் திருப்பி, உட்பக்கத்துக்கு அந்த நீலத்தை அடித்துவிட்டார். கலியாணமாகி ஒரு வருசம்கூட ஆகாத அம்மாவுக்கு ஊர்ச் சனத்தின் முகத்தில் முழிக்க முடியவில்லையாம்.

“உலகத்திலை ஆராவது ஓட்டுக்குப் பெயின்ற் அடிப்பினமோ? வீடோ வள்ளமோ உது?” என்று கேட்டாராம்.

அப்பா காதில் விழுத்தவில்லை. பெயின்ற் தீர்ந்த இடத்தில் ஓர் ஓடு பாதி நீலமும் பாதி சிவப்புமாக நின்றுவிட்டது. அதையும் அப்படியே கூரையில் ஏற்றினார். அதன் பிறகு சொந்தக்காரர் யார் வந்தாலும் முதலில் அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் கதிரையில் இருப்பார்களாம். அம்மா இந்தக் கதையை ஏசுவது போலத் தொடங்குவார். முடிக்கும்போது சிரித்துவிடுவார்.

எனக்குப் பத்து வயதான மாரி காலத்தில் அது நடந்தது. நாலு ஒழுங்கை தள்ளி ஒரு தோட்டக்கார வீட்டில் ரியூசனுக்குப் போய்க்கொண்டிருந்தேன். அந்த வீட்டு மகள்தான் எங்களுக்குப் படிப்பிப்பார். நாங்கள் அவரை ரியூசன் அக்கா என்போம். வழமையாக வகுப்பு மாமரத்தின் கீழே. அன்று மழை பிடித்துக்கொண்டதால் எங்களை முதல் முறையாக வீட்டுக்குள்ளே கூப்பிட்டுப் பாயில் இருத்தினார். பின்னக் கணக்கு. எனக்குப் பின்னம் வராது. விடை தெரியாதவர்கள் எல்லோரையும் போல நானும் கூரையைப் பார்த்தேன்.

சிவப்பு ஓடுகளுக்கு நடுவே, அங்கே ஒன்றும் இங்கே இரண்டுமாய், நீல ஓடுகள் இருந்தன. பெயின்ற் மங்கி உரிந்திருந்தாலும் நீலம் நீலம்தான். சுவரோரமாகப் பாதி நீலமும் பாதி சிவப்புமாய் ஓர் ஓடு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

மழை விடும்வரை நான் பொறுக்கவில்லை. கொப்பியைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு ஓடினேன். கொட்டிலில் அப்பா மண்வெட்டிக்குப் பிடி போட்டுக்கொண்டிருந்தார். அம்மா அடுப்படியில் நின்றார்.

“அம்மா, எங்கடை ஓடு ரியூசன் அக்கா வீட்டிலை கிடக்கு!”

“எங்கடை ஓடு எங்கடை வீட்டிலை கிடக்கு. போய்த் தலையைத் துடை.”

“இல்லையம்மா, நீல ஓடு. பாதி நீலம், பாதி சிவப்பு ஓடும் கிடக்கு.”

அகப்பை சட்டிக்குள்ளே நின்றுவிட்டது. அப்பா மண்வெட்டியைக் கீழே வைத்தார். என்னைத் தூக்கிக் கொஞ்சுவார்கள் என்று நான் காத்துக்கொண்டு நின்றேன். ஒருவரும் கொஞ்சவில்லை. சோறு அடிப்பிடித்த மணம்தான் வந்தது.

அடுத்த நாள் காலையில் அம்மா கோயிலுக்குக் கட்டும் சேலையைக் கட்டினார். மூன்று பேரும் தூறலுக்குள்ளே போனோம். எனக்கு உள்ளுக்குள்ளே குதூகலம். பெரிய சண்டை நடக்கும், ஓட்டை எல்லாம் கழற்றித் தள்ளுவண்டியில் ஏற்றுவோம், ஒழுங்கைச் சனம் முழுக்க வந்து பார்க்கும் என்று கணக்குப் போட்டிருந்தேன். அந்தக் கணக்கு மட்டும் எனக்கு நன்றாக வந்தது.

ரியூசன் அக்காவின் தாயார், “வாங்கோ, இருங்கோ” என்று வரவேற்றார். தகப்பனார் தோட்டத்தால் வந்து கால் கழுவிக்கொண்டு உள்ளே வந்தார். தேத்தண்ணியும் பனங்கட்டியும் வந்தன. அம்மா ஒரே ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். பிறகு என் படிப்பைப் பற்றி விசாரித்தார். அதைப் பற்றிச் சொல்ல அதிகம் இருக்கவில்லை. பேச்சு சீக்கிரமே தீர்ந்தது. அப்பா தேத்தண்ணியை வாயில் வைக்காமல் அண்ணாந்தபடியே இருந்தார்.

பெரியவர்கள் மறந்துபோனார்களாக்கும் என்று எனக்குப் பட்டது.

“அன்ரி, உது எங்கடை ஓடு. அப்பா பெயின்ற் அடிச்சது” என்றேன்.

ரியூசன் அக்காவின் முகம் கறுத்தது. அவரின் தகப்பனார் என்னைப் பார்த்தார், பிறகு அப்பாவைப் பார்த்தார். அப்பா இல்லை என்று சொல்லவில்லை.

“எங்கடை கூரை செல் குண்டு விழுந்து போச்சுது, தம்பி” என்றார் தகப்பனார் அப்பாவிடம் மெதுவாக. “ரெண்டு மாரி தறப்பாளுக்குக் கீழை கிடந்தனாங்கள். ஒரு லொறியிலை பழைய ஓடு வந்ததெண்டு சொல்லிச்சினம். போய் வாங்கினன். ஆரின்ரை வீட்டு ஓடெண்டு நான் கேக்கேல்லை. கேட்டிருக்க வேணும்.”

அம்மா கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார்: “அந்த லொறியிலை கதவு நிலையும் வந்ததோ, ஐயா?”

“ஓம் பிள்ளை. நிலை, யன்னல், கைமரம் எல்லாம் கிடந்தது. நாங்கள் ஓடு மட்டுந்தான் எடுத்தனாங்கள்.”

அம்மா தலையை ஆட்டினார். தேத்தண்ணியைக் கடைசித் துளிவரை குடித்துவிட்டுக் கோப்பையைக் கீழே வைத்தார்.

“நீல ஓடு முழுக்க இண்டைக்கே கழட்டித் தாறன், தம்பி” என்றார் அந்த மனிதர்.

“கழட்டி எங்கை வைக்கிறது ஐயா? கொட்டில் அதுகளைத் தாங்காது” என்றார் அப்பா. பிறகு அறை மூலையைக் காட்டினார். அங்கே ஒரு பேசினுக்குள் மழைத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. “அதிலை ரெண்டு ஓடு சரியாய்க் கொளுவேல்லை. ஏணி இருக்கே?”

என் கண்ணை என்னால் நம்ப முடியவில்லை. எங்கள் ஓட்டை வைத்திருக்கிறவர்களின் கூரையில் அப்பா ஏறினார்! ஓடு ஒன்றோடொன்று உரசும் சத்தம் கேட்டது. ஒரு கணம் கூரையில் வானம் தெரிந்தது, பிறகு மூடிக்கொண்டது. பேசினுக்குள் சொட்டுவது நின்றது. கீழே இறங்கிவந்த அப்பாவின் கை முழுக்கப் பாசி. ரியூசன் அக்காவின் தாயார் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து, தானே அவர் கையில் ஊற்றினார்.

திரும்பி வரும்போது அம்மா எங்களுக்கு முன்னால் வேகமாக நடந்தார். சேலைக் கரை சேற்றில் இழுபட்டது. தூக்கிப் பிடிக்கவில்லை.

“ஏன் அப்பா நாங்கள் வாங்காமல் வந்தனாங்கள்?” என்று கேட்டேன்.

“அந்த வீட்டுச் சனமும் நனையாமல் இருக்கட்டும்” என்றார். எனக்கு அழுகை வந்தது. அவ்வளவு பெரிய விஷயத்தைக் கண்டுபிடித்துக் கொடுத்தும் இவர்கள் கெடுத்துவிட்டார்களே என்று கோபம். இரண்டு நாள் நான் அப்பாவோடு கதைக்கவில்லை.

அந்தக் கோபமும் அந்தக் கிழமையே போய்விட்டது. கொட்டிலுக்குச் சீமெந்துத் தரை போட வேண்டும் என்று அப்பா பல வருசமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். அம்மா ஒருபோதும் சம்மதித்ததில்லை. “நாளைக்கு ஊருக்கு வெளிக்கிடப் போறவைக்கு என்னத்துக்குச் சீமெந்து?” என்று மறித்துவிடுவார். அந்தக் கிழமை அம்மாவே அப்பாவிடம் சொல்லி ஒரு பை சீமெந்து எடுப்பித்தார். சாணம் மெழுகிய தரையைக் கொத்தி, மணல் கலந்து, மூன்று பேருமாகத் தரை போட்டோம். காய்ந்த அன்று நான் அதில் ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு வழுக்கி விளையாடினேன். ஓட்டைக் கண்டுபிடித்ததற்கு எனக்குக் கிடைத்த பரிசு அது என்று பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் சொன்னேன். அம்மாவிடமும் சொன்னேன்.

“ஓம், உனக்குத்தான்” என்றார் அம்மா. வாசலில் குந்தியிருந்து, நான் வழுக்குவதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.