தைத்து மூடிய பாக்கெட்

சபையாருக்கு முன் இதைச் சொல்ல எனக்கு ஒரு வருடம் பிடித்தது. எனக்கு வீடு தாராவி. செம்பூர் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவு நர்ஸ்.

போன மழைக்காலத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை. கட்டட வேலையில் சாரம் சரிந்து ஆறு பேரை ஒன்றாகக் கொண்டுவந்தார்கள். மூன்றாம் கட்டில், நாலாம் கட்டில் இருவருக்கும் உடனே ரத்தம் ஏற்ற வேண்டும். வகை பார்க்க இருவரிடமும் ரத்தம் எடுத்தேன். எடுத்த இடத்திலேயே குப்பியில் பெயர் எழுத வேண்டும், அதுதான் சட்டம். அதற்குள் ஐந்தாம் கட்டில்காரருக்கு வலிப்பு வந்துவிட்டது. குப்பிகளைப் பாக்கெட்டுக்கு ஒன்றாகப் போட்டுக்கொண்டு ஓடினேன். பிறகு ஞாபகத்தை நம்பிப் பெயர் எழுதி அனுப்பினேன். அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள்!

வலிப்பு வந்தவரை நாலாம் மாடிக்கு ஸ்கேனுக்குக் கூட்டிப்போனேன். அங்கே பேனா எடுக்கப் பாக்கெட்டில் கை விட்டேன். அப்போதுதான் அந்தக் குப்பிகள் ஞாபகம் வந்தன. வலது பாக்கெட்டில் இருந்தது மூன்றாம் கட்டிலா, நாலாம் கட்டிலா? எனக்கு நிச்சயமில்லை. வகை மாறிய ரத்தம் ஏறினால் ஆள் போய்விடும். ரத்தப் பையிலும் நான் எழுதிய பெயர்தான் இருக்கும். யார் சரிபார்த்தாலும் சரியாகவே தெரியும். கீழே போன் அடித்தேன், யாரும் எடுக்கவில்லை. லிஃப்டும் வரவில்லை. நோயாளியை டாக்டரிடம் ஒப்படைத்துவிட்டுப் படியில் ஓடினேன். “ஆண்டவரே, என் கை செய்ததை உம் கை தடுக்கட்டும்.” படிக்குப் படி அதையே சொன்னேன்.

கீழே வந்தால், நாலாம் கட்டில்காரரின் மனைவி ரத்தக் குழாயை மடக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். “சோடோ, சோடோ!” என்று குழாயை விடச் சொல்லி, கூட வேலை செய்யும் சுஜாதா சிஸ்டர் இந்தியில் கத்துகிறார். அந்த அக்கா விடவில்லை.

“சிஸ்டர், பையில ஏ-ன்னு போட்டிருக்கு. எங்க வீட்டுக்காரருக்கு பி பாசிட்டிவ்லா! வருசா வருசம் பெரிய வெள்ளிக்குச் சர்ச்சுல ரத்தம் குடுப்பாவ. இந்தா, கார்டு!”

ஒரு சொட்டுகூட உள்ளே போயிருக்கவில்லை. மூன்றாம் கட்டிலுக்கும் நிறுத்தினோம். மறுபடி ரத்தம் எடுத்து, கட்டிலருகிலேயே பெயர் எழுதினேன். இருவரும் பிழைத்தார்கள்.

மேட்ரனிடம் என் தவறை எழுதிக் கொடுத்தேன். வேலை போய்விடும் என்றுதான் நினைத்தேன், மெமோவோடு விட்டார்கள். அந்த அக்காவிடமும் உண்மையைச் சொல்லி அழுதேன்.  அவர், “காலையிலருந்து நீங்க பச்சத்தண்ணி குடிக்கல. நானும் பாத்துட்டுத்தான இருந்தேன். அழாதிய” என்றார்.

அன்று மாலையே யூனிபார்மின் இரண்டு பாக்கெட்டையும் தைத்து மூடினேன். பேனா இப்போது கழுத்தில் தொங்குகிறது. டியூட்டியில் எல்லோரும் ‘பாகல்’, பைத்தியம் என்று கேலி செய்கிறார்கள். செய்யட்டும்.

அன்பானவர்களே, நாங்கள் மூன்று தடவை பெயர் கேட்டால் சலித்துக்கொள்ளாதீர்கள். சந்தேகம் வந்தால் வாய் திறந்து கேளுங்கள். உங்கள் ஆபத்திலும் ஆண்டவரை நம்பிக் கூப்பிடுங்கள். நான் இன்னும் படியில் இறங்கிக்கொண்டிருந்தேன். அவர் அதற்குள் ஒரு மனைவியின் கையை அந்தக் குழாயில் வைத்துவிட்டார்.